மின்னேற்றிப் பெட்டியும் நமது அடிமைப் புத்தியும்

வீட்டுச் சுவரில் அறைந்திருக்கும் ஒரு பெட்டி கெட்டுப்போனால், அதைச் செப்பனிடும் உரிமை யாருடையது? கேள்வி அற்பமானதென்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். அப்பெட்டியை விலைகொடுத்து வாங்கியவன் நம்மவன்; அதன் வழியாய் ஓடும் மின்சாரத்திற்கு மாதந்தோறும் கட்டணம் செலுத்துகிறவன் நம்மவன்; அது சூடேறித் தீப்பற்றினால் வெந்துபோவது நம்மவன் வீடு. ஆயினும் அதன் மூடியைத் திறக்கலாகாது என்று கட்டளையிடும் அதிகாரம் மாத்திரம் கடலுக்கப்பாலுள்ள கம்பெனியாருடையதாம். இவ்வநீதியை நம் ஜனங்கள் வாய்திறவாது ஏற்றுக்கொண்டிருப்பதைக் காணும்போது, கம்பெனியார்மீது எழும் கோபத்தைக்காட்டிலும் நம்மவர்மீதே நமக்கு அதிகக் கோபம் உண்டாகின்றது.

மின்சார வண்டிகள் இன்று பினாங்கில் புதுமையாய்ப் பேசப்படுகின்றன. 2022 முதல் 2025 முடியும்வரை என்று அரசாங்கத்தார் இறக்குமதி வண்டிகளுக்கு வரிவிலக்கு அளித்ததன் பயனாக, ஆயர் ஈத்தாம் முதல் தஞ்சோங் புங்கா வரை வீட்டுவாசல்தோறும் அவை நிற்கக் காண்கிறோம். ஆனால் இந்நகருக்கு மின்சார வண்டி புதியதன்று. ஜார்ஜ் டவுன் நகராண்மைக் கழகத்தார் 1904-ஆம் ஆண்டிலேயே மின்சாரம் வழங்கத் தொடங்கினர். 1906-இல் மின்சார டிராம் ஓடிற்று. 1925-இல் மேலே கம்பியைத் தொட்டுக்கொண்டோடும் டிராலி பஸ் வந்தது. டிராம் 1936-இல் நின்றது. டிராலி பஸ் 1961 வரை ஓடிற்று. கெட்டுப்போனவற்றைத் திறந்து பார்க்க அக்காலத்து நகராண்மைத் தொழிலாளர் சீமைக்குத் தந்தியடித்துக் காத்திருக்கவில்லை. தங்கள் கையாலேயே செப்பனிட்டு ஓட்டினார்கள். நூறு ஆண்டு கழிந்து, அவர்கள் பேரப்பிள்ளைகள், ஒரு பெட்டியில் சிவப்பு விளக்கெரிந்தால் கைகட்டி நிற்கிறார்கள். இதற்கு முன்னேற்றம் என்று பெயர்!

நிற்க. இப்பெட்டி யாதென்பதை முதலில் தெரிந்துகொள்வோம். தெரியாமையே இங்கே வியாபாரியின் மூலதனமாயிருக்கின்றது. ‘சார்ஜர்’ என்று நாம் அழைப்பது உண்மையில் சார்ஜர் அன்று. மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக்கி மின்கலத்தில் நிரப்பும் யந்திரம் வண்டிக்குள்ளேயே அமைந்திருக்கின்றது. சுவரிலுள்ள பெட்டி, வண்டியோடு பேசி, பத்திரமென்று கண்டபின் 230 வோல்ட்டு மின்சாரத்தைத் திறந்துவிடுவதும், ஆபத்தென்று கண்டால் அடைத்துவிடுவதுமாகிய ஒரு காவற்காரன், அவ்வளவே. உள்ளே இருப்பவை எவை? கம்பிகளை முடுக்கும் திருகுகள்; 32 ஆம்பியர் தாங்கும் ரிலே; மின்கசிவை உணரும் வளையம்; இடிமின்னலால் வரும் அதிர்ச்சியை விழுங்கும் சிறு வில்லை; இவற்றையெல்லாம் நடத்துகின்ற ஓர் அட்டை; அதற்கு உணவளிக்கும் சின்ன மின்வழங்கி. இவற்றுள் பெரும்பாலானவை நம்மூர்த் துணி துவைக்கும் யந்திரத்திலும் குளிர்சாதனப் பெட்டியிலும் காணப்படும் சரக்குகளே.

வண்டியும் பெட்டியும் பேசும் பாஷைதான் என்ன மந்திரமோ என்றால், அதுவும் மந்திரமன்று. ஒற்றைக் கம்பி வழியே பெட்டி 12 வோல்ட்டு அழுத்தத்தைக் காட்டிக்கொண்டிருக்கும். வண்டி இணைக்கப்பட்டால் அது 9 ஆகக் குறையும்; ‘யான் ஆயத்தம்’ என்று வண்டி தெரிவித்தால் 6 ஆகும். நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் அத்துடிப்பின் அகலத்தைக்கொண்டு, எத்தனை ஆம்பியர் எடுக்கலாமென்று வண்டி அறிந்துகொள்ளும். உலக மின்தொழில்நுட்ப ஆணையத்தார் அச்சிட்டு விற்கும் விதிநூலில் இவை யாவும் வெளிப்படையாக உள்ளன. வோல்ட்டுமானியைப் பிடிக்கத் தெரிந்தவன் எவனும் இதைப் படித்தறியலாம். இதைத்தான் ‘எங்கள் தொழில் இரகசியம்’ என்று ஏஜெண்டுகள் மறைத்துப் பேசுகிறார்கள்.

நமக்குத் தெரிந்த ஓர் அன்பர், கெளுகோரில் வரிசை வீட்டில் குடியிருப்பவர், இதில் பட்ட பாட்டைச் சொல்லுவோம். உத்தரவாதக் காலம் முடிந்து சில மாதங்களில் அவர் பெட்டி நின்றுபோயிற்று. விற்றவர்களுக்குச் சொல்லியனுப்பினார். ஒரு வாலிபர் வந்தார், மூடியைக்கூடத் தொடவில்லை, கைப்பேசியில் ஒரு படம் பிடித்தார், ‘இதைப் பழுதுபார்ப்பதில்லை, புதிது வாங்கவேண்டும்’ என்றார். பழைய பெட்டியைக் கொடுத்தால் சற்றுத் தள்ளுபடி உண்டென்றும் சொன்னார். தெரியாமல் கேட்கிறோம்: பழுதுபார்க்க முடியாத பெட்டி இவர்களுக்கு எதற்கு?

அன்பர் அத்துடன் விடவில்லை. உரிமப் பத்திரமுள்ள ஒரு வயர்மேனை அழைத்தார். தோட்டத்து லயத்தில் பிறந்து, தொழிற்பயிற்சிக் கூடத்தில் படித்துத் தேறிய பிள்ளை அவர். அவர் செய்த வேலையின் ஒழுங்கைச் சொல்லவேண்டும். முதலில் மெயின் பலகையில் மின்சாரத்தை நிறுத்தினார்; வேறொருவர் தெரியாமல் முடுக்கிவிடாதபடி பூட்டுப் போட்டார்; சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். பிறகு மின்சாரம் உண்மையாகவே இல்லையென்பதைக் கருவியால் சோதித்தார். அதன்பின்னரே மூடியைக் கழற்றினார். உள்ளே நியூட்ரல் கம்பியின் திருகு தளர்ந்து, அதைச் சுற்றிய பிளாஸ்டிக் கருகிக் கிடந்தது. பெட்டியைப் பொருத்தியவன் திருகைச் சரியான முறுக்கிற்கு இறுக்கவில்லை. குற்றம் இவ்வளவுதான்.

இவ்வளவுதான் என்றோமே, அதன் கொடுமையைக் கணக்கிட்டுப் பார்ப்போம். தளர்ந்த இணைப்பில் ஓர் ஓமில் இருபதில் ஒரு பங்கு தடை உண்டானதாக வைத்துக்கொள்ளுங்கள். 32 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு திருகில் பிறக்கும் வெப்பம் 50 வாட்டுக்கு மேற்படும். ஈயம் உருக்கும் சூட்டுக்கோல் ஒன்றை இராமுழுதும் பிளாஸ்டிக் பெட்டிக்குள் அடைத்துவைத்தாற்போன்றது அது. மற்ற வீட்டுச் சாமான்கள் அவ்வப்போது ஓடி நிற்கும். இதுவோ ஆறு மணி, எட்டு மணி நேரம் ஓயாமல், வீட்டார் உறங்கும் வேளையில், முழுப் பாரத்தோடு ஓடுகின்றது. நல்லவேளையாக உள்ளிருந்த வெப்ப உணரி தன் கடமையைச் செய்து பெட்டியை நிறுத்திவிட்டது. அதாவது பெட்டி கெடவில்லை. காவற்காரன் அபாயத்தைக் கண்டு கதவடைத்தான். அதைத்தான் ‘செத்துப்போயிற்று’ என்று விற்றவர்கள் தீர்ப்புச் சொன்னார்கள். அவர்கள் சொற்படி புதுப்பெட்டியை அதே கையால், அதே அரைகுறை முறுக்கில் மாட்டியிருந்தால் விளைவு யாதாயிருக்கும் என்பதை வாசகர்களே எண்ணிப்பார்க்கட்டும்.

வயர்மேன் கருகிய கம்பி நுனியை வெட்டி, புதிய முனைப்பலகை வைத்து, முறுக்களக்கும் திருப்புளியால் இறுக்கி, காப்புத் தடையையும் எர்த் தொடர்பையும் மின்கசிவு நிறுத்தியையும் ஒவ்வொன்றாய்ச் சோதித்துக் குறித்துக் கொடுத்தார். ஆயினும் பெட்டி எழும்பவில்லை. ஏன்? குற்றம் ஒருமுறை பதிவானால், கம்பெனியாரின் இரகசியக் குறிச்சொல்லைக் கொண்டன்றி அதை அழிக்க முடியாதபடி உள்ளே பூட்டியிருக்கிறார்களாம். குறிச்சொல் கேட்டதற்கு, ‘அந்நியர் கைபட்ட பெட்டிக்குத் தர இயலாது’ என்று பதில் வந்தது. காசு கொடுத்து வாங்கியவனும், அரசாங்க உரிமம் பெற்றவனும் அந்நியர். முறுக்கத் தெரியாதவன் மாத்திரம் சுற்றத்தானோ?

இதற்கு அவர்கள் கூறும் சமாதானம் பாதுகாப்பு. பாதுகாப்பை நாமும் வேண்டுகிறோம். அவர்களைக்காட்டிலும் அதிகமாகவே வேண்டுகிறோம். ஆகையால் தம் வீட்டுப் பெட்டியைத் தாமே திறக்கத் துணியும் அசகாய சூரர்களுக்கும் இங்கே ஒரு வார்த்தை சொல்லவேண்டியிருக்கின்றது. படக்காட்சி ஒன்றைப் பார்த்துவிட்டுத் திருப்புளியோடு புறப்படுகிறவர்கள் நம்மிடையே மலிந்துவிட்டார்கள். மழை பெய்தால் மின்கசிவு நிறுத்தி விழுகின்றது என்று அந்நிறுத்தியையே கழற்றி எறிந்துவிட்டுக் கம்பியை நேரே இணைத்துக்கொண்ட மேதாவிகளும் உளர். அது ஏன் விழுகின்றது? முப்பது மில்லியாம்பியர் அளவு மின்சாரம் வழிதவறிப் பூமிக்கு ஓடுகின்றதென்று அது கூவுகின்றது. அவ்வளவு மின்சாரம் ஒரு குழந்தையின் மார்பின் வழியே ஓடினால் உயிர்க்கு அபாயம். கூவுகிற நாயைக் கொன்றுவிட்டுத் திருடன் போய்விட்டான் என்று படுத்துறங்குவது எவ்வகை அறிவு?

இதில் இன்னொரு நுட்பமும் உண்டு. வண்டிக்குள்ளிருந்து நேர்மின்சாரம் சிறிது கசியுமானால், சாதாரண நிறுத்தியின் இரும்பு வளையம் அதனால் திகைத்துக் குருடாகிவிடும்; அதன்பின் மெய்யான கசிவு நேர்ந்தாலும் அது விழாது. ஆறு மில்லியாம்பியர் நேர்மின்கசிவைக் கண்டறிந்து நிறுத்தும் ஏற்பாடு பெட்டிக்குள்ளோ பலகையிலோ இருந்தாகவேண்டுமென்ற விதி இதனாலேயே பிறந்தது. இதையறியாமல் கடைத்தெருவில் மலிவாய்க் கிடைத்த நிறுத்தியை மாட்டுகிறவன் தன் வீட்டில் குருட்டுக் காவற்காரனை நிறுத்துகிறான். புதுவண்டியின் சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் நசுக்கத் தவறாத நம் மக்கள், எர்த் கம்பி மண்ணைத் தொடுகின்றதா என்று ஒருமுறை சோதிக்கச் சொன்னால் செலவுக் கணக்குப் பார்க்கிறார்கள். இடி மின்னல் மிகுந்த தேசங்களில் இம்மலேசியாவும் ஒன்று. மின்னல் எலுமிச்சம்பழத்துக்கு அஞ்சுவதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

ஆகவே, திறக்கவேண்டியவன் வயர்மேன். இது நம் சொந்த அபிப்பிராயமன்று. 1990-ஆம் ஆண்டு மின்சார வழங்கல் சட்டமும் அதன்கீழ் எழுந்த 1994-ஆம் ஆண்டு ஒழுங்கு விதிகளும் மின்வேலையைத் தகுதி பெற்றவரிடமே ஒப்படைக்கின்றன. எரிசக்தி ஆணையத்தார் பரீட்சித்துச் சான்றளிக்கிறார்கள். நாம் கேட்பது இதுதான்: அரசாங்கமே தகுதியுடையவனென்று முத்திரை குத்திய ஒருவனுக்கு, பெட்டியின் கம்பிப் படத்தையும் உதிரிப்பாகத்தையும் குறிச்சொல்லையும் மறுக்க இவர்கள் யார்? அவன் தகுதியைச் சட்டம் ஏற்றுக்கொள்கின்றது, கம்பெனி ஏற்றுக்கொள்ளவில்லை. இந்நாட்டில் ஆள்வது எது?

சட்டம் இன்னும் சொல்லுகின்றது. 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 37-ஆம் பிரிவை நம்மவருள் எத்தனைபேர் படித்திருக்கிறார்கள்? விற்ற பொருளைப் பழுதுபார்க்கும் வசதியும் உதிரிப்பாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கும்படி, உற்பத்தி செய்தவரும் விற்றவரும் நியாயமான ஏற்பாடு செய்யக் கடமைப்பட்டவர் என்று அப்பிரிவு கூறுகின்றது. கேட்கச் செவிக்கு இனிமையாயிருக்கின்றது. ஆனால் அதே பிரிவின் இரண்டாம் உட்பிரிவு, ‘அவ்வசதி கிடைக்குமென்று நாங்கள் உறுதி கூறவில்லை’ என விற்கும்போதோ அதற்கு முன்போ வாங்குபவருக்குத் தெரிவிக்கத் தக்க முயற்சி செய்துவிட்டால், அக்கடமை தீர்ந்தது என்கின்றது. முன்வாசலில் கொடுத்ததைப் பின்வாசலில் பிடுங்கிக்கொள்ளும் வித்தை இது. பொடி எழுத்தில் ஒரு வரி போதும். ஆயிரக்கணக்கான வெள்ளி பெறும் பெட்டியைக் குப்பையாக்கிவிடலாம். இவ்வுட்பிரிவு ஒழியவேண்டும்.

வரிச்சலுகையின் இலட்சணத்தையும் பாருங்கள். மின்னேற்றும் வசதிக்காகத் தனிமனிதர் செய்யும் செலவுக்கு வருஷத்தில் 2,500 வெள்ளிவரை வருமானவரிக் கழிவு 2022 முதல் உண்டு. வாங்கினால் கழிவு, பொருத்தினால் கழிவு, வாடகைக்கும் தவணைக்கும் சந்தாவுக்கும் கழிவு. பழுதுபார்த்தல் என்ற சொல் அப்பட்டியலில் இல்லை. எறிந்துவிட்டுப் புதிது வாங்குகிறவனைத் தட்டிக்கொடுத்து, உள்ளதைக் காத்துக்கொள்ளுகிறவனைக் கைவிடுவதே பசுமைக் கொள்கையாம். பூமியைக் காப்பதற்கென்றே வந்த வண்டிக்குப் பக்கத்தில், ஒரு திருகுக்காக எறியப்பட்ட பெட்டிகளின் குவியல்!

வெளிதேசங்களின் செய்தியும் நமக்குப் பாடமாகும். 2024 அக்டோபரில், வட அமெரிக்காவில் ‘ஜூஸ்பாக்ஸ்’ என்ற பெயரால் மின்னேற்றிகளை விற்றுவந்த ஏனெல் எக்ஸ் வே என்னும் கம்பெனி, சில நாள் முன்னறிவிப்போடு கடையை மூடிற்று. வீட்டிலுள்ள பெட்டிகள் மின்சாரம் விடுவதை நிறுத்தவில்லையாயினும், அவற்றை நடத்திய கைப்பேசிச் செயலி ஆதரவிழந்தது. வியாபார ஸ்தலங்களில் இருந்தவை இன்னும் மோசமாயின. பெட்டி நம் சுவரில். அதன் உயிரோ வேறொருவன் பெட்டகத்தில். அரக்கன் உயிர் ஏழு கடலுக்கப்பால் கிளிக்குள் இருந்த கதையைப் பாட்டி சொல்லக் கேட்டுச் சிரித்தோம். அக்கதையை இன்று காசு கொடுத்து வாங்கி வீட்டில் மாட்டிக்கொள்கிறோம். ஐரோப்பிய ஒன்றியத்தார் 2024-இல் பழுதுபார்க்கும் உரிமைக்கென ஒரு சட்டவாணை இயற்றினர். அதன் பட்டியலில் துவைக்கும் யந்திரமும் கைப்பேசியும் உள்ளன. சுவர் மின்னேற்றி இல்லை. இந்தியாவில் 2022 டிசம்பரில் அரசாங்கம் இதற்கென ஒரு தளம் திறந்தது. உழவுக் கருவிகளும் மோட்டார் வண்டிகளும் அதில் அடங்கும். குறைபாடுடைய முயற்சிகளே. ஆயினும் கேள்வியைக் கேட்கவேனும் அங்கே ஆளிருக்கிறார்கள்.

இனி நம் வீட்டுக் குப்பையைக் கிளறுவோம். கம்பெனியார் இவ்வளவு துணிவதற்குக் காரணம் நம்மிடமே இருக்கின்றது. கைவேலை செய்கிறவனைக் கீழாக எண்ணும் புத்தி நம் சமூகத்தைவிட்டு இன்னும் தொலைந்தபாடில்லை. வயர்மேன் வீட்டுக்கு வந்தால் கொல்லைப்புற வழியாக வரச் சொல்லுகிறோம். கூலி கேட்டால் பேரம் பேசுகிறோம். பெண் கேட்டு வந்தால் முகத்தைச் சுளிக்கிறோம். நம்மைப்போல் ஆங்கிலப் பள்ளியில் நாலெழுத்துப் படித்துத் தோட்டத்தில் கிராணியாகியவர்கள் சிலருக்கோ, பேனா பிடித்த கை திருப்புளி பிடித்தால் தீட்டாகிவிடும். அப்பேனா எழுதுவது என்ன? எந்தச் சாமான் எத்தனை எறியப்பட்டது என்ற கழிவுக் கணக்கு! ஸ்டோர்ப் புத்தகத்தை நாமே எழுதுகிறபடியால் இதை அறிந்தே சொல்லுகிறோம். பழைய டீசல் எஞ்சின் ஒன்று, பாகம் மாற்றி மாற்றித் தலைமுறைகள் உழைத்ததைப் பழைய ஏடுகளில் காண்கிறோம். புதிதாய் வந்த பம்பின் அட்டை கெட்டால் முழுப் பம்பையும் எறிந்ததாக எழுதச் சொல்லுகிறார்கள்.

கோயம்புத்தூர் ஜி.டி. நாயுடு அவர்களை நம்மவர் மேடைதோறும் புகழ்வார்கள். பள்ளிப்படிப்பு அதிகமில்லாத அவர், ஒரு மோட்டார் சைக்கிளை வாங்கிப் பாகம் பாகமாய்க் கழற்றிப் பூட்டியே யந்திர நுட்பம் கற்றார். 1920-இல் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் ஒற்றை பஸ் ஓட்டினார். 1937-இல் பாலசுந்தரம் நாயுடுவுடன் சேர்ந்து இந்தியாவிலேயே மின்சார மோட்டார் செய்து காட்டினார். அவர் படத்தை மாட்டிவைத்த வீட்டிலேயே, பையன் கடிகாரத்தைக் கழற்றினால் முதுகில் விழுகின்றது அடி. இன்று அவர் பிறந்து அம்மோட்டார் சைக்கிளைக் கழற்றியிருந்தாரானால், உத்தரவாதம் தவறியதென்று ஒரு சீட்டு வந்திருக்கும்.

தோட்டத்திலிருக்கும் தோழர்கள், ‘மின்சார வண்டி பட்டணத்துத் துரைமார் சமாசாரம், நமக்கென்ன?’ என்று கேட்கக்கூடும. எண்ணெய்ப்பனைக் குலை வெட்டும் மோட்டார்க் கத்தி முதல் கையிலிருக்கும் கைப்பேசி வரை இதே பூட்டு வந்துகொண்டிருக்கின்றது என்பது ஒன்று. மற்றொன்று இதனினும் பெரிது. வீட்டுக்கு வீடு இப்பெட்டிகள் மாட்டப்படும் காலம் இது. மாட்டவும், சோதிக்கவும், செப்பனிடவும் தேர்ந்த கைகள் வேண்டும். பழுதுபார்த்தல் சட்டப்படி உரிமையானால் அது ஆயிரம் வாலிபர்க்குக் கௌரவமான பிழைப்பு. எறிந்து வாங்குவதே வழக்கமானால் அது கப்பலிறக்குகிற இரண்டொரு ஏஜெண்டுகளுக்கு இலாபம். தோட்டத்தை விட்டு வெளியேறிப் பட்டணத்தில் காவற்கார உத்தியோகத்துக்கும் லாரிக்கும் அலையும் நம் பிள்ளைகளுக்கு இது தொடர்பில்லாத செய்தியா? ஒற்றைமுனை வயர்மேன் பரீட்சையிலிருந்து மும்முனைப் பரீட்சைக்கு ஒரு பிள்ளையை அனுப்புவதற்கு ஆகும் செலவு, திருவிழாவில் ஒரு காவடிக்கு ஆகும் செலவுக்கு மேற்படாதென்று நாம் துணிந்து சொல்லுவோம்.

இவையெல்லாம் நடக்கும்வரை வாளாவிருக்க வேண்டுவதில்லை. பெட்டி வாங்கப் போகிறவர்கள் பணத்தை எண்ணுமுன் மூன்று கேள்விகளைக் காகிதத்தில் எழுதி நீட்டுங்கள்: உதிரிப்பாகம் எத்தனை ஆண்டு கிடைக்கும்? உரிமம் பெற்ற எந்த வயர்மேனும் திறந்து செப்பனிட்டுப் பூட்டை நீக்கலாமா? கம்பெனி மூடப்பட்டாலும் பெட்டி ஓடுமா? பதிலைக் கையெழுத்தோடு வாங்குங்கள். கையெழுத்திட மறுக்கும் கடையில் வாங்காதீர்கள். ஏற்கெனவே ஏமாந்தவர்கள் பயனீட்டாளர் கோரிக்கைத் தீர்ப்பாயத்தை நாடுங்கள். 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி 50,000 வெள்ளிவரை வழக்காடலாம், மனுக்கட்டணம் 5 வெள்ளி, வக்கீல் வேண்டுவதில்லை, மூன்று ஆண்டுக்குள் தொடுக்கவேண்டும். அரை நூற்றாண்டுக்கு மேலாக இந்நகரில் உழைத்துவரும் பினாங்குப் பயனீட்டாளர் சங்கத்தாரிடம் யோசனையும் கேட்கலாம். கெளுகோர் அன்பர் மனுப் போட்டுவிட்டார். கருகிய முனைப்பலகையையும் வயர்மேனின் சோதனைக் குறிப்பையும் உடன் கட்டி அனுப்பியிருக்கிறார். மலாய்மொழியில் மனு எழுதத் தெரியாதவர்களுக்குத் தோட்டத்துக் கிராணிமார் எழுதிக் கொடுக்கட்டும். கழிவுக் கணக்கு எழுதிய பேனாவில் அதற்கும் மையிருக்கும்.